புதுப்பிப்பு: ஆணி அடிக்காமல் நூலகத்தில் ஓவியக் கண்காட்சி

பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரி நூலகத்தில் மாணவர், ஆசிரியர் ஓவியங்களை வைக்க வேண்டும், பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, என்ன வழி என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கண்காட்சி நல்லபடியாக முடிந்தது.

இருபக்க டேப் சரிவரவில்லை. சுண்ணாம்பு பொரிந்து டேப்போடு வந்துவிட்டது. கைகொடுத்தது, அலமாரிகளின் மேல் இரும்புக் குழாய் கட்டி, மீன்பிடி தங்கூசியில் (நைலான் நரம்பு) படங்களைத் தொங்கவிடச் சொன்ன யோசனைதான். தங்கூசி வழுக்கும், சாதாரண முடிச்சு நிற்காது. நரம்பைக் கோத்து மடக்கி, தன்மேலேயே ஐந்தாறு சுற்று சுற்றி, நுனியை முதல் வளையத்துக்குள் விட்டு, லேசாக நனைத்து இறுக்குங்கள். அசையாது.

எதிர்பாராதது காற்று. ஆனிக் காற்று ஜன்னல் வழியே புகுந்து, ஒற்றை நரம்பில் தொங்கிய படங்களைப் பம்பரமாகச் சுழற்றியது. இரு மூலைக்கும் நரம்பு, கீழ்விளிம்பில் மூங்கில் பட்டை என்று மாற்றியதும் அடங்கியது.

வெயில் பட்டால் படங்கள் வெளிறும் என்று எச்சரித்தவருக்குத் தனி நன்றி. அருங்காட்சியகங்களில் காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான வெளிச்சம்தான் வைப்பார்கள்; படிக்கிற இடத்துக்கு அது போதாது. அதனால் நீர்வண்ணப் படங்களை உள் அலமாரிப் பக்கம் கொண்டுபோனோம், ஜன்னலோரம் எளிதில் வெளிறாத அக்ரிலிக் வண்ணப் படங்கள்.

அதிகக் கூட்டம் நின்றது ஒரு வேதியியல் பேராசிரியரின் பென்சில் படத்துக்கு முன்னால். குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தாமிரபரணி வெள்ளம் சூழ்ந்து ஓடுகிறது. தண்ணீரின் சுழிப்பை ரப்பரால் அழித்து அழித்தே கொண்டுவந்திருந்தார். அவர் வரைவார் என்றே மாணவர்களுக்குத் தெரியாது.

குழாய்களை நூலகர் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.