முன் கண்ணாடி மாற்றியதிலிருந்து லேன் அசிஸ்ட் இடப்பக்கம் இழுக்கிறது: காமிரா கேலிபிரேஷன் பற்றி உதவி தேவை

தண்டையார்பேட்டை கிரெட்டா (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வண்டி 2024 ஹூண்டாய் கிரெட்டா, அடாஸ் (லேன், மோதல் ஆபத்தைக் கவனித்து ஓட்டுநருக்கு உதவும் அமைப்பு) உள்ள வேரியன்ட். முன்பக்கம் காமிரா, ரேடார் இரண்டும் இருக்கிறது. எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேயில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் போகும்போது கல் தெறித்து, டிரைவர் பக்கம் கண்ணாடியில் விரிசல் மேல்வரைக்கும் ஓடிவிட்டது. கம்பெனி சர்வீஸில் கேட்டபோது கண்ணாடி ஸ்டாக் இல்லை என்றார்கள். கடைச் சரக்கு ஏற்ற வண்டி இல்லாமல் முடியாது என்பதால் வெளியே ஒரு கடையில் மாற்றினோம். ஒட்டிய வேலை சுத்தமாக இருக்கிறது. தண்ணீர் கசியவில்லை, வேகமாகப் போகும்போது காற்றுச் சத்தமும் இல்லை.

ஆனால் மாதவரம் 200 அடி ரோட்டில் லேன் கோடுகளுக்கு நடுவில் போனாலும் லேன் அசிஸ்ட் ஸ்டியரிங்கை மெல்ல இடப்பக்கம் தள்ளுகிறது. மூலக்கடை மேம்பாலத்தில் இறங்கும்போது பக்கத்து லேனில் போன ஆட்டோவுக்கு மோதல் எச்சரிக்கை அலறியது. எங்கள் லேனில் முன்னால் எதுவுமே இல்லை. டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை.

கடைக்காரர் “ஓட்ட ஓட்டத் தானா செட் ஆயிடும்” என்கிறார். அது உண்மையா? கேலிபிரேஷன் (காமிராவுக்கு நேர்க்கோட்டைத் திரும்பச் சொல்லிக்கொடுப்பது) கட்டாயமா? எங்கே, எப்படிச் செய்வார்கள்? இன்ஷூரன்ஸில் வருமா? அப்பா தினமும் இந்த வண்டியில்தான் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக் கடைக்குப் போய்வருகிறார். அதனால்தான் அவசரமாகக் கேட்கிறேன்.

திருவொற்றியூர் ஓட்டுநர்

வார்னிங் லைட் எரியலன்னா பெருசா ஒண்ணும் இருக்காது ப்ரோ. லேன் கீப்பை ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்க. நம்ம ஏரியா ரோட்டுல கோடே பாதி அழிஞ்சுதான் கெடக்கு, அதை நம்பி யாரு ஓட்டுறாங்க? என் பழைய வண்டில கண்ணாடி மாத்தினப்ப இதெல்லாம் யாரும் கேட்டதே இல்ல.

அடாஸ் டெக்னீஷியன், மணலி

மேலே சொன்ன நண்பர்மேல் கோபம் இல்லை. ஆனால் அதை யாரும் கடைப்பிடிக்க வேண்டாம். பழைய வண்டியின் கண்ணாடிக்குப் பின்னால் காமிரா இல்லை. இதில் இருக்கிறது.

விளக்கு எரியாததால் எல்லாம் சரி என்று ஆகாது. கரன்ட் வருகிறதா, படம் வருகிறதா, எதிரே அழுக்கு மறைக்கிறதா என்பதைக் காமிரா உடனே கண்டுபிடித்துவிடும். தான் பார்க்கும் திசையே கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்பது அதற்குச் சுலபத்தில் தெரியாது. பழைய கண்ணாடியில் பிராக்கெட் (காமிராவைப் பிடித்திருக்கும் தாங்கி) எந்தக் கோணத்தில் இருந்ததோ, அதையே நேர்க்கோடு என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காமிரா பக்கவாட்டில் 1 டிகிரி திரும்பினால், 50 மீட்டர் தூரத்தில் இருக்கும் பொருள் ஏறக்குறைய 87 சென்டிமீட்டர் தள்ளித் தெரியும். 100 மீட்டரில் 1.75 மீட்டர். நெடுஞ்சாலை லேன் ஒன்றின் அகலமே 3.5 மீட்டர்தான். அதில் சரிபாதி போய்விட்டது! உங்கள் மூலக்கடை ஆட்டோ விஷயம் இதனால் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம். எதிரே இருப்பது எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்பதை ரேடார் நன்றாக அளக்கும். அது என்ன பொருள், எந்த லேனில் போகிறது என்பதற்குக் காமிராவின் பார்வை வேண்டும். காமிரா திரும்பியிருந்தால் பக்கத்து லேன் ஆட்டோ உங்கள் வழியில் நிற்பதுபோல ஆகிவிடும். இன்று எச்சரிக்கையோடு நின்றது. நாளை பின்னால் டிரெய்லர் வரும்போது தானாக பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இதற்கு நேர்மாறாக, பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காமலும் போகலாம்.

“தானா செட் ஆயிடும்” என்பதில் ஒரு துளி உண்மை உண்டு. பல காமிராக்கள் ஓடும்போதே சின்னச் சின்ன வித்தியாசங்களைத் திருத்திக்கொள்ளும். அந்தத் திருத்தத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. முறைப்படி ஒரு தடவை கேலிபிரேஷன் முடிந்த பிறகு நுணுக்கத்துக்காக இருப்பது அது. கண்ணாடி மாற்றிய வண்டிக்கு அது போதாது.

முதலில் இன்றைக்கே செய்ய வேண்டியது: லேன் கீப், லேன் ஃபாலோ (இரண்டும் லேனுக்குள் வைக்க ஸ்டியரிங்கைத் திருப்புபவை), அடாப்டிவ் க்ரூஸ் (முன் வண்டிக்கு ஏற்ப வேகத்தை மாற்றுவது) மூன்றையும் நிறுத்துங்கள். மோதல் தவிர்ப்பை எச்சரிக்கை மட்டும் என்று மாற்றுங்கள். சில வண்டிகளில் இக்னிஷன் போடும்போதெல்லாம் இவை திரும்ப ஆன் ஆகும். அப்பாவுக்கு மெனுவைக் காட்டிக்கொடுத்துவிடுங்கள், வண்டி எடுக்கும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

மாதவரம் கண்ணாடி ஃபிட்டர்

வணக்கம்ணா. நான் கண்ணாடி ஃபிட்டிங் வேலைதான் பாக்குறேன். கேலிபிரேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி கண்ணாடியையும் பிராக்கெட்டையும் ஒரு தபா பாத்துடுங்க. அது தப்பா இருந்தா எத்தினி தடவ கேலிபிரேஷன் பண்ணாலும் நிக்காது.

கண்ணாடி மூலையில கம்பெனி முத்திரையும் ஐஎஸ் 2553 மார்க்கும் இருக்கான்னு பாருங்க. அப்புறம் அடாஸ் மாடல் கண்ணாடியா, சாதா வேரியன்ட் கண்ணாடியான்னு பில்லுல இருக்கிற பார்ட் நம்பர வெச்சு செக் பண்ணுங்க. ரெண்டும் ஒரே சைஸ்ல இருக்கும், ஃப்ரேம்ல கரெக்டா உக்காரும், பாத்தா வித்தியாசமே தெரியாது. காமிரா பாக்குற எடத்துல கண்ணாடி நெளிவு இல்லாம தெளிவா இருக்கணும், பிராக்கெட் ஃபேக்டரிலயே ஒட்டி வரணும். பழைய கண்ணாடில இருந்து பிராக்கெட்ட பேத்து புதுசுல ஒட்டிக் குடுத்திருந்தாங்கன்னா அந்தக் கண்ணாடியே வேணாம்ணா, திருப்பிக் குடுத்துடுங்க.

அடுத்தது, காமிரா மேல இருக்கிற கவரக் கழட்டி, ரெண்டு பக்கமும் கிளிப் டக்குனு உக்காந்திருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. ஒரு பக்கம் தூக்கிட்டு இருந்தாலும் கோணம் போச்சு. லென்ஸ் எதிர்ல கண்ணாடில கை ரேகை, பிரைமர் கறை எதுவும் இருக்கக் கூடாது.

கண்ணாடிய ஒட்டுற பேஸ்ட் காயுறத பத்தியும் சொல்லிடுறேன். காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துதான் அது கெட்டியாகும். நம்ம கடலோரத்துல ஈரத்துக்குக் கொறச்சலே இல்ல. ஆனாலும் பேஸ்ட் டப்பால போட்டிருக்கிற நேரம் முடிஞ்சு நல்லா இறுகின பொறவுதான் கேலிபிரேஷனுக்கு எடுத்துட்டுப் போகணும். கண்ணாடி துளி எறங்குனாலும் காமிராவும் கூடவே எறங்கும்.

தண்டையார்பேட்டை கிரெட்டா

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. எல்லா அசிஸ்டையும் நிறுத்திவிட்டு அப்பாவுக்கும் காட்டிக்கொடுத்தேன். கண்ணாடி அடாஸ் மாடல்தான், பார்ட் நம்பர் ஒத்துப்போகிறது. முத்திரையும் இருக்கிறது. பிராக்கெட் கண்ணாடியோடு வந்தது என்று கடையில் உறுதியாகச் சொல்கிறார்கள், பார்க்கவும் அப்படித்தான் தெரிகிறது. கவரை நானாகக் கழற்றவில்லை.

கேலிபிரேஷனுக்குப் போகும்போது என்ன கேட்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும்? ரேடாருக்கும் செய்ய வேண்டுமா?

அடாஸ் டெக்னீஷியன், மணலி

ரேடார் இருப்பது முன்பக்கம் கிரில், பம்பர் பகுதியில். கண்ணாடி வேலையில் அதை யாரும் தொடுவதில்லை. பம்பரைக் கழற்றவில்லை, அங்கே இடிபடவும் இல்லை என்றால் ரேடாரை விட்டுவிடலாம். வண்டியின் கம்ப்யூட்டரை ஸ்கேன் செய்யும்போது ரேடாரில் எரர் கோட் (பிழைக் குறியீடு) ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வார்கள்.

காமிராவுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வண்டியை நிறுத்திவைத்து எதிரே டார்கெட் போர்டு நிறுத்திச் செய்வது. இன்னொன்று, ஸ்கேனரை வண்டியின் டயக்னாஸ்டிக் போர்ட்டில் மாட்டிக்கொண்டு நல்ல கோடு உள்ள ரோட்டில் ஓட்டிச் செய்வது. எந்த வழி, அல்லது இரண்டுமே வேண்டுமா என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல்தான் தீர்மானிக்கும். சென்டரில் “எந்த முறையில் செய்யப்போகிறீர்கள்?” என்று கேளுங்கள். தெளிவான பதில் வராத இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

போர்டு வைத்துச் செய்வது என்றால் இடம்தான் எல்லாம். தரை மட்டமாக இருக்க வேண்டும். வண்டிக்கு முன்னால் போதிய காலி இடம் வேண்டும். வண்டியின் நடுக்கோட்டை லேசரோ தூக்குக்குண்டோ வைத்துப் பிடித்து, போர்டின் தூரத்தையும் உயரத்தையும் மேனுவலில் உள்ள மில்லிமீட்டர் கணக்குப்படி நிறுத்த வேண்டும். வெளிச்சம் ஒரே சீராக இருக்க வேண்டும். நம் பக்கத்துச் சின்ன ஷெட்டுகளில் தண்ணீர் வடிய வேண்டும் என்று தரையைச் சரிவாகவே போட்டிருப்பார்கள். வேலை தெரிந்தவராகவே இருந்தாலும் அந்தத் தரையில் சரியாக வராது.

நீங்கள் செய்துகொண்டு போக வேண்டியது: டிக்கியில் இருக்கும் துணி பண்டல் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். பின்பக்கம் பாரம் இருந்தால் மூக்கு தூக்கும், காமிராவும் மேலே பார்க்கும். நாலு டயரிலும் டிரைவர் கதவோரம் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்று வையுங்கள். வீல் அலைன்மென்ட்டில் இழுப்பு இருந்தால் அதை முதலில் முடியுங்கள். நேராகப் போகாத வண்டிக்கு எதை நேர்க்கோடு என்று சொல்லிக்கொடுப்பது? கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடையுங்கள். காசிமேடு, எண்ணூர் பக்கம் ராத்திரி நிறுத்தும் வண்டிகளில் உப்புப் படலம் படிந்திருக்கும், வெறும் துணியால் துடைத்தால் தீற்றலாக நிற்கும், தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும்.

வேலை ஆரம்பிக்கும் முன் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட், முடிந்த பின் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட். இரண்டிலும் வண்டியின் சேசிஸ் நம்பர், தேதி, கேலிபிரேஷன் முடிந்தது என்ற நிலை இருக்க வேண்டும். “முடிஞ்சுது சார்” என்று வாயால் சொல்வதை வாங்கிக்கொண்டு வராதீர்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பெரம்பூர் அக்கா (மோட்டார் கிளெயிம் வேலை)

தம்பி, இன்ஷூரன்ஸ் பற்றி நான் சொல்கிறேன். பில் இன்னும் குளோஸ் ஆகவில்லையே?

கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை, சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியிலும் அப்படித்தான். ரப்பர் பீடிங், பிளாஸ்டிக் கிளிப் போன்றவற்றுக்கு, ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத ஆட் ஆன்) இல்லாவிட்டால் 50 சதவீதம் கழிப்பார்கள். உங்கள் வண்டி 1500 சிசிக்குள் வருவதால் கட்டாயக் கழிவு (கிளெயிமில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை) 1000 ரூபாய். அதற்கு மேற்பட்ட சிசி என்றால் 2000.

கேலிபிரேஷன் தனி லேபர் வரியாக எஸ்டிமேட்டில் இருக்க வேண்டும். சர்வேயருக்கு (கிளெயிமை மதிப்பிடுபவர்) மெயில் போடுங்கள்: கண்ணாடி மாற்றியதால் காமிராவைத் திரும்ப அளவு செய்ய வேண்டியிருக்கிறது, அது அதே ரிப்பேரின் பாகம், கூடுதல் எஸ்டிமேட் இதோ என்று எழுதி, வேலைக்கு முன்பே ஒப்புதல் கேளுங்கள். செட்டில்மென்ட் முடிந்த பிறகு தனி பில்லோடு வந்தால் இழுபறிதான். நோ கிளெயிம் போனஸைக் காக்கும் ஆட் ஆன் உங்களிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் கண்ணாடிக்குக் கிளெயிம் போட்டால் பொதுவாக அடுத்த வருட போனஸ் போய்விடும். 50 சதவீத போனஸில் இருப்பவர்கள் கிளெயிம் தொகையையும் இழக்கும் போனஸையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

செங்குன்றம் டெஸ்ட் டிரைவர்

ஓட்டிச் செய்ய வேண்டியிருந்தால் ரூட் நான் சொல்றேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ்வே வேண்டவே வேண்டாம். கன்டெய்னர் லாரி மறைக்கும், தூசியில் கோடு தெரியாது, நின்று நின்று போகணும். மாதவரம் பக்கம் மெட்ரோ வேலைத் தடுப்புகளால் லேன் வளைந்து வளைந்து போகும். புழல், செங்குன்றம் தாண்டி கொல்கத்தா ஹைவேயில் காரனோடைப் பாலத்துக்கு அப்பால் போங்க. இல்லன்னா மீஞ்சூரிலிருந்து வண்டலூர் அவுட்டர் ரிங் ரோடு. காலையில் கொல்கத்தா ஹைவேயில் வடக்கே போனால் வெயில் வலப்பக்கம்தான் இருக்கும், காமிரா முகத்தில் நேராக அடிக்காது. மழையில் போகாதீங்க. ஓட்டுபவர் ரோட்டை மட்டும் பார்க்கணும், ஸ்கேனரைப் பார்க்க பக்கத்தில் இன்னொரு ஆள் கட்டாயம். வேகம் எவ்வளவு, எவ்வளவு தூரம் என்பதை ஸ்கேனரே கேட்கும்.

தண்டையார்பேட்டை கிரெட்டா

வேலை முடிந்தது. பின்னால் தேடி வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

சர்வேயர் கூடுதல் எஸ்டிமேட்டுக்கு ஒப்புதல் தந்த பிறகு கம்பெனி சர்வீஸிலேயே கொடுத்தோம். முதல் ஸ்கேனிலேயே காமிரா பக்கம் ஒரு எரர் கோட் பதிவாகியிருந்தது. டேஷ்போர்டில் விளக்கே எரியாமல்! கவரைக் கழற்றினால், மாதவரம் அண்ணன் சொன்ன மாதிரியே வலப்பக்கக் கிளிப் முழுசாக உட்காரவில்லை. காமிராவை எடுத்துத் திரும்பப் பொருத்தினார்கள். போர்டு வைத்துச் செய்தபோது முதலில் ஃபெயில் என்று வந்தது. போர்டுக்குப் பின்னால் ஷட்டர் திறந்திருந்து வெயில் அடித்துக்கொண்டிருந்தது, ஷட்டரை இறக்கிய பிறகு பாஸ் ஆனது. பிறகு நானும் டெக்னீஷியனும் காரனோடை தாண்டிப் போய்ப் பார்த்தோம். லேன் நடுவில் நிற்கிறது, ஸ்டியரிங் எந்தப் பக்கமும் தள்ளவில்லை, பக்கத்து லேன் வண்டிகளுக்குச் சத்தம் போடவில்லை. முன், பின் ரிப்போர்ட் இரண்டும் கையில் இருக்கிறது, சர்வேயருக்கும் அனுப்பிவிட்டேன்.

இன்னும் ஒரு சந்தேகம். பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டேக் ஸ்டிக்கரும் போய்விட்டது. புதியதை எங்கே ஒட்டுவது? காமிராவுக்குத் தடையாகுமா?

பெரம்பூர் அக்கா (மோட்டார் கிளெயிம் வேலை)

புதிதாக வேறு பேங்க்கில் வாங்க வேண்டாம் தம்பி, ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான். டேக் கொடுத்த பேங்க்கிலேயே கண்ணாடி உடைந்த விவரம் சொல்லி மாற்று டேக் கேளுங்கள். பேலன்ஸ் அந்தக் கணக்கிலேயே தொடரும்.

மாதவரம் கண்ணாடி ஃபிட்டர்

ரியர் வியூ மிரருக்குப் பின்னாடி, உள்பக்கமாத்தான்ணா ஒட்டணும். ஆனா காமிரா கவர் எதிர்ல இருக்கிற அந்தக் கண்ணாடிப் பகுதிய தொடாம, அதுக்குக் கீழயோ பக்கத்துலயோ ஒட்டுங்க. சாமி ஸ்டிக்கர், பார்க்கிங் பாஸ் எதுவும் அந்த எடத்துல வரக் கூடாது.