பயனர் ஆய்வு முடிந்தது, இணையதளத்தின் பட்டியை (மெனு) எப்படி அமைப்பது? வழி சொல்லுங்கள்

எங்கள் தொண்டு நிறுவனத்தின் இணையதளத்தைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. முகப்பின் நிறத்தைப் பற்றியே மூன்று கூட்டங்கள் நடந்துவிட்டன. தளத்தைப் பயன்படுத்துகிறவர்களிடம் யாரும் பேசவில்லை. பொறுக்க முடியாமல் நானே ஐந்து பேரை அழைத்து, "உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். (சிறிய சோதனைக்கு ஐந்து பேர் போதும் என்று இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியதுதான் துணிச்சல் தந்தது.)

ஓர் அம்மா 'திட்டங்கள்', 'சேவைகள்', 'முன்னெடுப்புகள்' என்ற மூன்று தலைப்புகளுக்கும் மாறி மாறிப் போய்வந்தார். பிறகு சுட்டியைக் கீழே வைத்துவிட்டு, "நேரிலேயே கேட்டுக்கொள்கிறேனே" என்றார். அந்த மூன்றும் எங்கள் மூன்று துறைகளின் பெயர்கள். உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமே புரியும்.

அடுத்ததாக, பக்கங்களின் பெயர்களை அட்டைகளில் எழுதிக் கொடுத்து அடுக்கச் சொன்னேன். சிக்கல் இங்கேதான். உதவி நாடி வருகிறவர்கள் தங்கள் தேவையை வைத்து அடுக்குகிறார்கள்; நன்கொடையாளர்கள் பணம் எங்கே போகிறது என்பதை வைத்து அடுக்குகிறார்கள். இரண்டும் ஒட்டவே இல்லை.

இரு தரப்புக்கும் தனித்தனி நுழைவாயில் வைக்கலாமா, அல்லது உதவி நாடுகிறவர்களின் அடுக்கையே முதன்மையாகக் கொள்ளலாமா? எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. நிர்வாகக் குழு ஒப்புக்கொள்ளாது. வடிவமைப்பைத் தொடங்கும் முன், வெறும் தலைப்புகளை மட்டும் காட்டித் தேடச் சொல்லும் மரச் சோதனையைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை பேரிடம் செய்தீர்கள், மேலிடத்தை எதைக் காட்டி இணங்கவைத்தீர்கள் என்று எழுதினால் பேருதவியாக இருக்கும். அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை.