டிஎஸ்ஹெச் ஏறினா தைராய்டு கம்மியா? குழப்பமா இருக்கு

வேளச்சேரி பையன்:
அம்மாவுக்கு பிளட் டெஸ்ட்ல டிஎஸ்ஹெச் 14, டி4 கம்மி. டாக்டர் தைராய்டு கம்மியா சுரக்குதுன்னு மாத்திரை எழுதிட்டார். நம்பர் ஏறித்தானே இருக்கு, அப்புறம் எப்படி கம்மி? கேக்கறதுக்குள்ள அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டாங்க.

பெரம்பூர் லேப்காரன்:
டிஎஸ்ஹெச் தைராய்டு சுரக்கிறது இல்ல தம்பி, தைராய்டு சுரக்கிற ஹார்மோன்தான் டி4. மூளைக்கு அடியில பட்டாணி சைஸ்ல பிட்யூட்டரின்னு ஒண்ணு இருக்கு, அது கழுத்துல இருக்கற தைராய்டை வேலை செய்யச் சொல்லி அனுப்புறதுதான் டிஎஸ்ஹெச். ஸ்கூல் டைம் ஆயிடுச்சுன்னு அம்மா எழுப்புறாங்க, நீ எழல, சத்தம் ஏறுதா இல்லையா, அந்த சத்தம்தான் 14. ரத்தத்துல டி4 சரியாச்சுன்னா பிட்யூட்டரி தானா அடங்கிடும். அபூர்வமா பிட்யூட்டரியே படுத்துடும், அப்ப டி4 கம்மியா இருந்தும் டிஎஸ்ஹெச் ஏறாது, அதனாலதான் ரெண்டையும் சேர்த்துப் பாக்கறது.

மயிலாப்பூர் மாமி:
மாத்திரையை வெறும் வயித்துல தண்ணியோட போடச் சொல்லுப்பா. ஃபில்டர் காபி அரை மணி, முடிஞ்சா ஒரு மணி கழிச்சுத்தான், நானும் இதுக்கு அழுதவதான் :( கால்சியம், இரும்பு மாத்திரை இருந்தா 4 மணி நேரம் கேப் விடணும், இல்லன்னா மருந்து ஒழுங்கா உடம்புல சேராது.

வேளச்சேரி பையன்:
செம, இப்ப புரிஞ்சுது. அடுத்த வாரமே திரும்ப டெஸ்ட் எடுத்துடவா?

பெரம்பூர் லேப்காரன்:
காசு வேஸ்ட். அந்த மருந்து ரத்தத்துல பாதியா குறையவே சுமார் 7 நாள் ஆகும், லெவல் நிலையாகி பிட்யூட்டரி அதைக் கவனிச்சு அடங்க 6 வாரமாவது வேணும்.