கம்பெனி வக்கீல் சுற்றுச்சூழலைக் காப்பாற்றுவாரா?

நொய்யல்கரை:
ஒரு கருத்தரங்கில் ஏதோ ஒரு கம்பெனியின் லீகல் ஹெட் பேசிய காணொளி வாட்ஸப்பில் சுற்றுகிறது. நிறுவனத்தின் பசுமை மனசாட்சியே சட்டப் பிரிவுதானாம். கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. ஜெர்மன் கார் கம்பெனி ஃபோக்ஸ்வாகன் கதையை அவருக்கு யாராவது சொல்லுங்கள். 2015-ல் டீசல் கார் புகைச் சோதனையை ஏமாற்றிய மென்பொருள் வெளிச்சத்துக்கு வரப்போகிற நேரம். எந்தக் கோப்பையும் அழிக்கக்கூடாது என்று உத்தரவு வரப்போகிறது, உங்களிடம் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொறியாளர்களிடம் முன்கூட்டியே சொன்னது யார்? கம்பெனியின் சொந்த வக்கீல்! ஃபோக்ஸ்வாகனிலும் அதன் துணை நிறுவனமான ஆடியிலும் (Audi) சுமார் 40 பேர் ஆயிரக்கணக்கான கோப்புகளை அழித்தார்கள். 2017-ல் கம்பெனியே அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. நல்ல மனசாட்சி.

லீகல்_சாரதி:
அழிக்கச் சொன்னார் என்று எங்கே இருக்கிறது ஐயா? யாரிடம் எந்த ஃபைல் இருக்கிறது என்று தெரியாமல், அழிக்காதே என்கிற அந்த நோட்டீஸை யாருக்கு அனுப்புவது? இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இது தெரியும். எங்களைப் போன்ற கம்பெனி வக்கீல்கள் இல்லையென்றால் பாதி ஆலைகளில் பொல்யூஷன் போர்டு கன்சென்ட், அதாவது ஆலையை நடத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதி, காலாவதியானதே எம்டிக்குத் தெரியாது.

நொய்யல்கரை:
அப்படியானால் ஏன் முன்கூட்டியே சொன்னார்? நோட்டீஸை நேராக அனுப்பியிருக்கலாமே. கேட்டவர்களில் பலர் அதை அழிக்கச் சொல்லும் ஜாடையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள் என்று கம்பெனி ஒப்புக்கொண்ட அறிக்கையிலேயே இருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள் சார்.

கோர்ட்டுக்காக்கை:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். சாரதி சார் வக்கீல் என்று சொல்லிக்கொள்வதே தகராறு. பார் கவுன்சில் விதி 49-ன்படி முழுநேரச் சம்பளத்துக்குப் போனவர் வழக்காடக் கூடாது. கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் மனசாட்சி பற்றிப் பேசுவது வேடிக்கை.

லீகல்_சாரதி:
வந்துவிட்டாரய்யா. வாய்தாவுக்கு வாய்தா ஃபீஸ் வாங்குகிறவரைவிட மாதச் சம்பளக்காரன் மோசமில்லை. போன மாதம் பிளாஸ்டிக் தடை விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்து குழப்பினீர்கள்.

கோர்ட்டுக்காக்கை:
அதில் நான் சொன்னதுதான் கடைசியில் சரியானது. வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

ஆம்பூர்வாசி:
எங்கள் பக்கத்துக் கதையைக் கேளுங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டது. 1996-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே காசு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு சொல்லி, ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. வழக்குப் போட்டது வேலூர் குடிமக்கள் நல மன்றம். எந்தக் கம்பெனியின் லீகல் பிரிவும் இல்லை.

லீகல்_சாரதி:
1996 பழைய கதை தம்பி. இப்போது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, 2022-23 நிதியாண்டிலிருந்து பங்குச் சந்தையில் உள்ள பெரிய 1000 லிஸ்டட் கம்பெனிகளுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எவ்வளவு தண்ணீர் எடுத்தோம், எவ்வளவு கழிவு விட்டோம் என்று எழுத வேண்டும். ஆலை மேனேஜர் ஒரு எண் கொடுப்பார், மீட்டர் புத்தகத்தில் வேறு எண் இருக்கும். "எது சரி, கையெழுத்துப் போட்டுக் கொடு" என்று அவர் மேஜை முன்னால் போய் நிற்பது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான் நின்றிருக்கிறேன். அவர் என்னோடு டீ குடிப்பதையே நிறுத்திவிட்டார்.

நொய்யல்கரை:
டீ போனதற்கு அனுதாபங்கள். எங்களுக்குக் கிணறே போனது. 1992-ல் பாசனத்துக்கென்று நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஐகோர்ட். அறிக்கை எழுதுகிற லீகல் ஹெட் யாரும் இல்லை. சரி, என் கேள்விக்கு வருவோம். ஏன் முன்கூட்டியே சொன்னார்?

லீகல்_சாரதி:
சாயப்பட்டறையில் ஏதய்யா லீகல் பிரிவு? கணக்குப்பிள்ளை இருந்தால் பெரிய விஷயம். இருந்திருந்தால் கதை அவ்வளவு தூரம் போயிருக்காது. அதைத்தானே சொல்கிறேன்.

நொய்யல்கரை:
ஃபோக்ஸ்வாகனில் இருந்ததே! உலகம் முழுக்க 1.1 கோடி கார். இருந்து என்ன செய்தார்? முன்கூட்டியே சொன்னார்.

ஆம்பூர்வாசி:
சாயப்பட்டறைக்காரர்களைக் கணக்குப்பிள்ளை என்று கேலி பேசுவது நன்றாக இல்லை சார். எங்கள் மாமா அதில்தான் இருந்தார்.

லீகல்_சாரதி:
யாரையும் கேலி செய்யவில்லை. ஒரு ஜெர்மன் வக்கீலை வைத்து எல்லோரையும் அளக்காதீர்கள் என்கிறேன்.

நொய்யல்கரை:
ஒரு வக்கீல்தான், சரி. மனசாட்சி என்று மேடையில் சொன்னவரும் ஒருவர்தான். நீங்கள் அவருக்காக இத்தனை பதிவு போட்டுவிட்டீர்கள், என் ஒரு கேள்விக்கு ஒரு வரி இல்லை. ஏன் முன்கூட்டியே?

கோர்ட்டுக்காக்கை:
விதி 49 பற்றியும் பதில் வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

லீகல்_சாரதி:
உங்கள் விதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் முடிகிறது, எனக்கு மூன்று ஆலையின் கன்சென்ட் ரெனியூவல் இருக்கிறது.

நொய்யல்கரை:
போய் வாருங்கள். ரெனியூவலில் ஏதாவது சிக்கல் என்றால், ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்!