சிமென்ட் பால் மில் முதல் அறை லைனர் மாற்றம்: வளையம் மூடும் வரை தகடுகளைத் தாங்குவது எப்படி?

கேள்வி: அரியலூர் மெக்கானிக்கல்

வணக்கம். அரியலூர் மாவட்டத்திலுள்ள ஒரு சிமென்ட் ஆலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். அடுத்த மாத ஷட்டவுனில் எங்கள் பால் மில்லின் (எஃகுக் குண்டுகளால் பொருளை அரைக்கும் சுழலும் உருளை) முதல் அறை லைனர்கள் (உட்சுவரைக் காக்கும் தகடுகள்) முழுவதையும் மாற்ற வேண்டும். அந்த வேலையை முன்னின்று நடத்தும் பொறுப்பு முதல் முறையாக என்னிடம் வந்திருக்கிறது.

ஷெல்லின் (உருளையின் வெளிக்கூடு) உள்விட்டம் 3.4 மீட்டர், முதல் அறையின் நீளம் 4 மீட்டர். தகடுகள் 314 மி.மீ. அகலமும் 250 மி.மீ. நீளமும் உடைய உயர் குரோம் வார்ப்புகள். ஒரு வளையத்துக்கு 34 வீதம் 16 வளையங்கள், ஆக மொத்தம் 544 தகடுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 45 கிலோ இருக்கும். எல்லாத் தகடுகளுக்கும் போல்ட் கிடையாது. குறிப்பிட்ட சில தகடுகள் மட்டுமே ஷெல்லோடு போல்ட்டால் இறுக்கப்படுகின்றன. மற்றவை வளையம் முழுமையாக மூடிய பிறகு ஒன்றையொன்று நெருக்கி நிற்பவை. தகடுகளுக்கு அடியில் ரப்பர் ஷீட் விரிக்க வேண்டும்.

ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர், போல்ட் போட்ட தகடுகளே மற்றவற்றைப் பிடித்துக்கொள்ளும், எனவே மில்லைத் திருப்பும்போது ஜாக்கி முட்டுக் கொடுத்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை என்கிறார். மெயின் மோட்டாரின் பிரேக்கரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) பூட்டிவிட்டால் உள்ளே வேலை செய்வதற்குப் போதுமான பாதுகாப்பு என்றும் சொல்கிறார். இரண்டிலும் என் மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுத்துச் சொல்வதற்கு எனக்குத் தெளிவான காரணங்கள் வேண்டும். அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற ஃபோர்மேன்

தம்பி, உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

போல்ட் இல்லாத தகடு ஷெல்லில் ஒட்டி நிற்பதற்குக் காரணம், கல் வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கிக்கொண்டு நிற்பதைப் போன்ற ஒன்றுதான். அந்த நெருக்கம் 34-ஆவது தகடு இறுக்கமாக உட்கார்ந்த பிறகுதான் பிறக்கிறது. 33 தகடுகள் வைத்திருந்தாலும் வளையம் திறந்தே இருக்கிறது. அந்த நிலையில் மேல் பாதிக்குப் போகும் தகட்டைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இரண்டு போல்ட் தகடுகளுக்கு இடையே சிக்கியிருப்பதால் நிற்கிறது என்று நினைப்பது ஆபத்து. வார்ப்புத் தகடுகளின் பக்கங்கள் இழைத்துவிட்டதைப் போல ஒரே சீராக இருப்பதில்லை. அடியில் உள்ள ரப்பரும் அமுங்கிக் கொடுக்கும். ஓரிரு மில்லிமீட்டர் தளர்வு போதும், 45 கிலோ தகடு நழுவி விழுந்துவிடும்.

நான் பின்பற்றிய முறை இது. அடிப்பகுதியில் வட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, அதாவது உங்கள் மில்லில் 11 வரிசைகள் வரை, தகடுகளை அடுக்கி, போல்ட் உள்ளவற்றை இறுக்கிவிடுவோம். பிறகு அந்தப் பட்டையின் இரண்டு விளிம்பு வரிசைகளின் மீதும் மில்லின் நீளவாக்கில் கனமான மரக்கட்டைகளைக் கிடத்தி, கட்டைக்குக் கட்டை குறுக்காக ஸ்க்ரூ ஜாக்கிகளை நிறுத்தி முறுக்குவோம். நடுவிலுள்ள தகடுகளை அந்த இரண்டு விளிம்புகளும் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். எத்தனை ஜாக்கிகள், எந்த இடைவெளியில் என்பதை லைனர் தயாரிப்பாளரின் வரைபடமும் உங்கள் பொறியாளரின் கணக்கும்தான் முடிவு செய்ய வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் எத்தனை ஜாக்கிகள் கையிருப்பில் உள்ளன என்பது முடிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு ஜாக்கியையும் சங்கிலியால் கட்டிவைக்க வேண்டும். முட்டு தளர்ந்தாலும் ஜாக்கி ஆள் தலையில் விழாது.

எல்லோரும் வெளியேறி, பெயர் சொல்லி எண்ணி முடித்த பிறகே மில்லைத் திருப்ப வேண்டும். திருப்பி நிறுத்தியதும் யாரும் உடனே உள்ளே நுழையக் கூடாது. முதலில் மேன்ஹோலுக்கு வெளியிலிருந்தே விளக்கடித்துக் கட்டைகளையும் ஜாக்கிகளையும் பார்க்க வேண்டும். அதன் பிறகு அனுபவமுள்ள ஒருவர் மட்டும், தொங்கும் பட்டைக்கு நேர் கீழே போகாமல் பக்கத்தில் நின்று, நீண்ட கம்பியால் தகடுகளைத் தட்டிக் கேட்பார். இறுக்கமாக இருக்கும் தகடு கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மொத்தென்று சொல்லும். ஒருமுறை அப்படித் தட்டும்போது ஒரே வரிசையில் நான்கு தகடுகள் மொத்தென்று ஒலித்தன. மில்லை முன்னிருந்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து பார்த்தபோது, விளிம்புக் கட்டையில் ஜாக்கியின் தலை ஒரு விரல் ஆழத்துக்கு மரத்தைத் தின்றிருந்தது. அன்றிலிருந்து கட்டைக்கும் ஜாக்கிக்கும் நடுவே இரும்புத் தகடு வைக்காமல் நான் முறுக்க விட்டதில்லை.

பழைய லைனரைக் கழற்றும்போதும் இதே ஆபத்துதான் தலைகீழாக வருகிறது. முதல் வரிசையை எடுத்த கணத்திலேயே வளையத்தின் நெருக்கம் போய்விடும். அதுவரை ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்ற தகடுகள் எந்த நேரமும் விழலாம். உயர் குரோம் தகடுகளில் விரிசல் இருந்தால் பாதித் தகடாகவும் விழும். கழற்றும் வேலைதானே என்று முட்டு இல்லாமல் தொடங்கிவிடாதீர்கள்.

இரண்டாவது, மெயின் மோட்டாரின் பிரேக்கரைப் பூட்டினால் போதுமா என்பது. போதாது. பாதி லைனர் போட்ட மில் ஓர் ஊசல். நீங்கள் சொன்ன அளவுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 11 வரிசையில் 16 வளையங்களுக்கு 176 தகடுகள். எடை ஏறத்தாழ 8 டன். அந்தப் பட்டையின் எடை மையம் மில்லின் அச்சிலிருந்து 1.35 மீட்டர் தள்ளி இருக்கும். அதைப் பக்கவாட்டுக்குத் திருப்பி நிறுத்தினால், மில்லைக் கீழ்நோக்கிச் சுழற்றப் பார்க்கும் திருப்புவிசை சுமார் 10.7 டன்-மீட்டர். அதைத் தடுத்து நிற்பது இஞ்சிங் டிரைவின் (மில்லை மெல்லத் திருப்பும் துணை மோட்டார் அமைப்பு) பிரேக் மட்டுமே. பேரிங்குக்கு உயரழுத்த எண்ணெய் போய்க்கொண்டிருந்தால் உராய்வும் துணைக்கு வராது. பிரேக் லைனிங்கில் எண்ணெய் கசிந்திருந்தாலோ, யாராவது கப்ளிங்கைக் கழற்றினாலோ, மின்சாரம் ஒரு துளியும் இல்லாமலேயே மில் சுழன்று, கனமான பக்கம் கீழே வந்து, இருபுறமும் ஆடித்தான் நிற்கும். மெயின் மோட்டார், இஞ்சிங் மோட்டார் இரண்டையும் பூட்டுவதோடு, ஷெல்லையே இயந்திர முறையில் அசையாமல் பூட்டும் ஏற்பாடும் வேண்டும். அதற்கான பூட்டு உங்கள் மில்லில் இல்லையென்றால், ஷட்டவுனுக்கு முன்பே வடிவமைத்துச் செய்து வையுங்கள். வேலை தொடங்கிய பிறகு கட்டையும் ஆப்பும் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

இஞ்சிங் பிரேக்கையும் வேலைக்கு முன் சோதித்துப் பாருங்கள். வெறும் மில் எல்லாப் பக்கமும் சமமாக இருப்பதால் அதில் பிடிமானம் தெரியாது; குண்டுகளை இறக்கும் முன்பே, ஆள் இல்லாத நிலையில், சுமையோடு நிறுத்திப் பார்க்க வேண்டும்.

பதில் 2: ஆலைப் பாதுகாப்பு

முந்தைய பதிலை அப்படியே வழிமொழிகிறேன். அனுமதிச் சீட்டு தருபவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

மில்லுக்குள் நுழைவது அடைபட்ட இடத்துக்குள் நுழைவது. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் 36-ஆவது பிரிவு இத்தகைய இடங்களுக்குப் பொருந்தியது. உள்ளே கொண்டுபோகும் கையடக்க மின்விளக்கு 24 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்றது அதன் 36-ஏ பிரிவு; அந்த வரம்பை இப்போதும் விட்டுவிடாதீர்கள். நடைமுறையில் 230 வோல்ட் ஹாலஜன் விளக்கை மேன்ஹோல் வழியாக இழுத்துச் செல்வதை இன்னும் பார்க்க முடிகிறது. சுற்றிலும் இரும்பு, வியர்வையில் நனைந்த உடம்பு; அங்கே ஒயரின் உறை கிழிந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்பதை நுழையும் முன்பும், ஒவ்வொரு உணவு இடைவேளைக்குப் பிறகும் அளக்க வேண்டும். ஹாட் கேஸ் ஜெனரேட்டர் (சூடான வாயு தரும் உலை) உள்ள மில் என்றால் கார்பன் மோனாக்சைடையும் அளந்தே ஆக வேண்டும்.

மோட்டார்களைப் பூட்டுபவர்கள் பெரும்பாலும் மறந்துபோவது, மில்லுக்குள் பொருள் வந்து விழும் வழிகளைத்தான். கிளிங்கர் (சூளையில் சுட்ட சிமென்ட் கட்டி), ஜிப்சம் வே ஃபீடர்கள் (எடைபோட்டு ஊட்டும் கருவிகள்), செப்பரேட்டரிலிருந்து (நுண்தூளைப் பிரிக்கும் கருவி) திரும்பி வரும் பொருளின் பாதை, கிரைண்டிங் எய்ட் (அரைப்பதை எளிதாக்கும் திரவம்) பம்ப், தண்ணீர் தெளிப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பூட்டும் அட்டையும் வேண்டும். ஃபீடு சூட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிளிங்கர் கட்டியைத் தட்டி விழச்செய்த பிறகே ஆட்களை உள்ளே அனுப்புங்கள். பூட்டு ஒருவருடையதாக மட்டும் இருக்கக் கூடாது. உள்ளே போகும் ஒவ்வொருவரின் பூட்டும் பூட்டுப்பெட்டியில் தொங்க வேண்டும். சாவி அவரவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும். மில்லைத் திருப்ப வேண்டியபோதெல்லாம் அத்தனை பேரும் வெளியே வந்து பூட்டைக் கழற்றுவது நேரம் பிடிக்கும் வேலைதான். அந்த நேரத்தை ஷட்டவுன் அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் மூன்றாவது நாள் இரவில் யாராவது அதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள்.

ரப்பர் ஷீட் விரிப்பதாகச் சொன்னீர்கள். ரப்பர் உள்ளே வந்த பிறகு வெல்டிங்கோ கேஸ் கட்டிங்கோ கூடாது. டயாபிரம் (அறைகளைப் பிரிக்கும் தடுப்பு) பழுது, ஷெல் விரிசல் என்று என்ன வேலை இருந்தாலும் அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். மில்லுக்குள் ரப்பர் பற்றினால் தீயைவிடப் புகை முந்திக்கொள்ளும். வெளியேறும் வழியோ ஒரே ஒரு மேன்ஹோல். முன்பே செய்யும் வெல்டிங்கிலும், எர்த் கிளாம்பை வெல்டிங் நடக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள். வெளியே எங்கோ மாட்டினால் மின்னோட்டம் டிரனியன் பேரிங் (மில்லின் முனைகளைத் தாங்கும் பேரிங்) வழியாகப் போய் அதன் பரப்பைக் கெடுத்துவிடும். கேஸ் குழாய்களை இடைவேளையில் உள்ளேயே விட்டுவிட்டு வரக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. லைனர் வேலைக்கு வரும் குழுவில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் தொழிலாளர்கள் இருந்தால், தினசரிப் பாதுகாப்புப் பேச்சை அவர்களுக்குப் புரியும் மொழியில் நடத்துங்கள். “வெளியே வா” என்ற கட்டளை ஒவ்வொருவருக்கும் புரிகிறதா என்பதை முதல் நாளே சோதித்துப் பாருங்கள்.

பதில் 3: மேற்கு ஆஸ்திரேலியா – தங்கச் சுரங்கம்

இங்குள்ள பெரிய சாக் மில்களில் (தாதுக் கட்டிகளை அரைக்கும் உருளைகள்) ஒரு லைனரே டன் கணக்கில் எடையுள்ளதாக இருக்கும். அதைக் கையால் தூக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. லைனர் கையாளும் இயந்திரத்தின் கை உள்ளே நீண்டு தகட்டைப் பொருத்தும். அளவு வேறு என்றாலும், உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு விதி உண்டு. வெளியிலிருந்து போல்ட்டை அடித்து உள்ளே தள்ளும்போது, உள்ளே அந்த இடத்துக்கு நேரே யாரும் இருக்கக் கூடாது. வெளியே இருப்பவருக்கும் உள்ளே இருப்பவருக்கும் இடையே வயர்லெஸ் தொடர்பு இருந்தே தீர வேண்டும். சத்தத்தை நம்பி, உள்ளே தட்டினால் வெளியே அடிப்பது என்ற பழக்கம் எங்கும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, இரண்டு அணிகள் இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் அடித்தால் எந்த ஓசை யாருடையது என்று தெரியாது.

45 கிலோ தகட்டையும் ஒருவரே குனிந்து தூக்கக் கூடாது. மேன்ஹோலிலிருந்து வைக்கும் இடம் வரை உருளைப் பாதையும், தூக்குவதற்குச் சிறிய செயின் பிளாக்கும் இருந்தால் முதுகு மட்டுமல்ல, விரல்களும் தப்பிக்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே விரலை விட்டு நகர்த்துவதுதான் இந்த வேலையில் மிகச் சாதாரணமாக நடக்கும் காயம். கடப்பாறையால் நெம்பி நகர்த்தச் சொல்லுங்கள்.

மறுமொழி: அரியலூர் மெக்கானிக்கல்

மூவருக்கும் மிக்க நன்றி. ஊசல் கணக்கை எங்கள் துறைத் தலைவரிடம் காட்டினேன். ஷெல்லைப் பூட்டும் ஏற்பாட்டைச் செய்ய ஒப்புதல் கிடைத்துவிட்டது. இன்னொரு ஐயம். சில வளையங்களில் கடைசித் தகடு முழுதாக நுழையாது, கேஸ் கட்டிங்கில் ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள். செய்யலாமா? மில்லை ஓட்டத் தொடங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 4: ஓய்வுபெற்ற ஃபோர்மேன்

உயர் குரோம் தகட்டில் கேஸ் சுடர் படவே கூடாது. ஓரிடம் மட்டும் சூடேறிக் குளிர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். ஓட்டத்தில் 90 மி.மீ. குண்டு அடிக்கும்போது அந்தத் தகடு உடையும், உடைந்ததும் வளையத்தின் நெருக்கம் போய்ப் பக்கத்துத் தகடுகளும் இறங்கும். மில்லுக்கு வெளியே வைத்து வெட்டும் சக்கரத்தால் நிதானமாக வெட்டலாம்; அதைவிட, தயாரிப்பாளரிடம் குறைந்த அகலமுள்ள முடிப்புத் தகடுகளை இப்போதே கேட்டு வாங்கிவிடுவது நல்லது. சிறிய இடைவெளி மிஞ்சினால் எஃகுப் பட்டையை ஆப்பாக இறக்குங்கள். சம்மட்டியால் தகட்டின் மேல் நேரடியாக அடிக்க விடாதீர்கள். சில்லு தெறித்துக் கண்ணில் பாயும்.

வளையத்தை மூடும் முன்பே தகடுகளின் திசையைச் சரிபாருங்கள். படி லைனரில் (படிபோன்ற முகமுள்ள தகடு) குண்டுகளைத் தூக்கும் முகம் சுழற்சித் திசையைப் பார்த்திருக்க வேண்டும். ஃபீடு பக்கம் நின்று பார்ப்பவருக்கும் டிஸ்சார்ஜ் பக்கம் நின்று பார்ப்பவருக்கும் திசை மாறித் தெரியும். ஆகவே முதல் நாளே ஷெல்லின் உள்ளே பெயிண்டில் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

முடிந்ததும் கருவிகளை எண்ணி எடுத்து, ஜாக்கிகளை அகற்றி, ஆள் இல்லாத நிலையில் இஞ்சிங்கில் இரண்டு சுற்று திருப்பிக் காதால் கேளுங்கள். பொருள் இல்லாமல் குண்டுகளை மட்டும் போட்டு ஓட்ட வேண்டாம். புதிய தகடுகள் நேரடி அடி வாங்கி உடையும். குண்டுகளைப் பகுதி பகுதியாக ஏற்றி, கிளிங்கரோடு சேர்த்து ஓட்டுங்கள். சில மணி நேரம் ஓடிய பிறகு நிறுத்தி, முன்போலவே எல்லாவற்றையும் பூட்டி, டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் கருவி) வைத்து எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்க வேண்டும். அடியில் ரப்பர் இருப்பதால் முதல் இறுக்கம் கட்டாயம் தளரும். ஒரு நாள் கழித்து மறுபடியும், அதன் பின் தளர்வு நிற்கும் வரைக்கும் இதைச் செய்யுங்கள். இறுக்கிய ஒவ்வொரு நட்டுக்கும் ஷெல்லுக்கும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிட்டால், அடுத்த முறை நிறுத்தும்போது எந்த நட்டு நகர்ந்திருக்கிறது என்பது பார்த்தவுடன் தெரியும். போல்ட் துளை வழியாகச் சிமென்ட் தூள் கசிந்தால் அது தளர்ந்துவிட்டது என்று பொருள். அன்றைக்கே நிறுத்தி இறுக்குங்கள், விட்டுவிட்டால் அந்தத் தூளே ஷெல்லின் துளையை அரித்துப் பெரிதாக்கிவிடும்.