பழைய ட்யூப் (வால்வு) கிட்டார் ஆம்ப்: க்ளீனும் (சுத்தமான ஒலி) டிஸ்டார்ஷனும் (உடைந்து சீறும் ஒலி), உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஆறாம்கம்பி:
நியூஜெர்சியில் பழைய கிட்டார் விற்கும் ஒரு கடை. அங்கே ஃபெண்டர் ட்வீட் டீலக்ஸ் ஆம்ப், ஐம்பதுகளில் வந்த 5இ3 மாடல். அதைப் பற்றி இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. டெலிகாஸ்டர் கிட்டாரைச் சொருகினேன். பன்னிரண்டு வரை போகும் வால்யூம் குமிழ்; மூன்றில் கொஞ்சம் தடித்த க்ளீன், ஐந்தில் உறுமல். ஆறைத் தாண்டினால் சத்தம் கூடுவதில்லை, அழுக்குதான் கூடுகிறது. இதெல்லாம் தெரிந்த கதை.

ஆனால் இன்னும் மண்டையைக் குடைவது வேறு. கிட்டார் சொருக இரண்டு சேனல், ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம். கேபிள் ஒரு சேனலில், பக்கத்துச் சேனல் காலி. சும்மா கைபோன போக்கில் அந்தக் காலிச் சேனலின் வால்யூமைத் திருப்பினேன். என் சத்தம் மாறுகிறது! முழுக்க ஏற்றினால் உறுமல் அடங்கி க்ளீன் பக்கம் நகர்கிறது, இறக்கினால் மறுபடி சீறுகிறது. எதுவுமே சொருகாத குமிழ் சார் அது. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "எல்லாரும் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்" என்று சிரித்தார். வாங்கவில்லை. விலை அப்படி.

ட்வின்தாசன்:
நண்பரே, கோபிக்க வேண்டாம், நீங்கள் கேட்டது க்ளீனே இல்லை. 5இ3க்குப் பதினைந்து வாட் கூடத் தேறாது, இரண்டு 6வி6 வால்வு. அது மூன்றிலேயே கரகரக்கத் தொடங்கிவிடும். க்ளீன் என்றால் ஃபெண்டரின் ட்வின் ரிவெர்ப் ஆம்ப்தான்.

டொராண்டோவில் ஒரு கல்யாண வரவேற்பு, வாடகைக்கு வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த சில்வர்ஃபேஸ் (வெள்ளி நிற முகப்பு) ட்வின். நான்கு 6எல்6 வால்வு, 85 வாட். தூக்கி வைத்தவருக்கு இடுப்பு போயிருக்கும். கொஞ்சமாவது டிஸ்டார்ஷன் வரட்டும் என்று வால்யூமை நான்குக்கு ஏற்றினேன். முன்வரிசையில் ஒரு பாட்டி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என்னையே முறைத்தார். அப்போதும் ஆறு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறது! ஒரு பிசிறு இல்லை. ஹால் மேலாளர் வந்து குறைக்கச் சொல்லிவிட்டார். அந்த ஆம்ப் எங்கே உடையும் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஹாரோ வாசி:
ட்வின் அண்ணை, உங்கட கிளீன் நல்ல கிளீன்தான், மறுக்கேல்லை. ஆனால் பாட்டிக்குக் காது போற அளவுக்கு ஏத்தியும் ஒரே மாதிரித்தான் கேட்குதெண்டால் அதில வாசிக்கிற ஆளுக்கு என்ன வேலை?

இங்க லண்டனில் ஒரு பயிற்சி அறையில் பழைய வாக்ஸ் ஏசி30 ஆம்ப் கிடந்தது. நான்கு ஈஎல்84 வால்வு, நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்து டிஸ்டார்ஷனை அடக்குவது) கிடையாது. டிரம்ஸ்காரன் இன்னும் குச்சி தேடிக்கொண்டு நிற்க, நான் ஒரு டி கார்டை (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) விரலால் மெல்ல வருடினேன். மணி. அதே கார்டைப் பிக்கால் அழுத்தி அடித்தேன். கிழிசல். குமிழ் ஒன்றையும் தொடவில்லை, கைதான் மாறினது. டிரம்ஸ்காரன் நிமிர்ந்து, "என்ன பெடல் அது?" எண்டு கேட்டான். ஒலியை மாற்றுற பெடல் ஒண்டுமே இல்லை. குயீன் இசைக்குழுவின் கிட்டார்காரர் பிரையன் மே ஏசி30ஐ முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, கிளீன் வேண்டிய இடத்தில் கிட்டார் வால்யூமைக் குறைக்கிறவர். அண்டைக்குத்தான் அது ஏனெண்டு விளங்கினது.

சால்டரிங் சாமி:
என் கதை சின்னது. நண்பர் ஸ்டூடியோவில் அறுபதுகளின் கடைசியில் வந்த மார்ஷல் சூப்பர் லீட் ஆம்ப், நூறு வாட், இரண்டு சேனலையும் சின்னக் கேபிளால் கோத்து வைத்திருந்தார். ஒரு ஏ அடித்தேன், பேண்ட் கால் படபடத்தது. அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பழைய அமெரிக்க ஆம்பை யாராவது ஊருக்குக் கொண்டுபோகிற எண்ணத்தில் இருந்தால் கவனம். அதற்கு 110-117 வோல்ட், நம் ஊரில் 230. நேராகச் சொருகினால் கதை முடிந்தது. ஸ்டெப் டவுன் (வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வாங்கும்போது மலிவாகக் கிடைக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், இரண்டு சுற்றும் தனித்தனியாக உள்ள ஐசொலேஷன் வகை கேளுங்கள். பழைய ஆம்புகள் பலவற்றுக்கு இரண்டு முள் பிளக்தான் இருக்கும்; அதை எர்த்துடன் மூன்று முள்ளாக மாற்றி, உள்ளே மெயின் லைனிலிருந்து சேசிஸுக்கு (உள்ளே உள்ள உலோகச் சட்டம்) போகும் சின்னக் கெப்பாசிட்டரைக் கழற்றிவிடுங்கள். அது கெட்டால் கிட்டார் கம்பியில் கரண்ட் வரும். ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்யவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் நானூறு வோல்ட்டுக்கு மேலும் நிற்கலாம், கை வைக்காதீர்கள். வால்வு மாற்றினால் பயஸ் (வால்வில் சும்மா இருக்கும்போது ஓடும் கரண்ட் அளவு) பாருங்கள். ட்வினுக்கு அவசியம், ட்வீட் டீலக்ஸ் தானே சரிசெய்துகொள்ளும் கேத்தோடு பயஸ் என்பதால் பெரும்பாலும் தேவைப்படாது. அப்புறம் வீட்டில் வாசிக்க அட்டென்யுவேட்டர் (ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வைத்துச் சத்தத்தைக் குறைக்கும் பெட்டி) வாங்குங்கள். வாட் குறைந்த ஆம்ப் வாங்கினால் சத்தம் பாதியாகும் என்று நம்ப வேண்டாம். நூறு வாட்டுக்கும் ஐம்பதுக்கும் வித்தியாசம் 3 டெசிபெல்தான். காதுக்குப் பாதியாகத் தெரிய வேண்டுமென்றால் பத்து வாட்டுக்கு வர வேண்டும்.

ஆறாம்கம்பி:
சாமி, நான் ஆம்பே வாங்கவில்லையே!

காந்தாரம்:
எல்லாரும் க்ளீன், டிஸ்டார்ஷன் என்று ஆம்பையே பார்க்கிறீர்கள். எனக்கு உறுத்துவது கார்டு.

உடைந்து சீறும் ஒரு பழைய ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பில் ச-ப மட்டும் சேர்த்து அடித்தேன், மலை மாதிரி நின்றது. அந்தர காந்தாரத்தைச் சேர்த்ததும் அடியில் ஒரு கொரகொரப்பு. க்ளீனில் அதே கார்டு அழகாக இருந்தது. கிட்டார் சுருதி விட்டுவிட்டதென்று இரண்டு முறை ட்யூனரில் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

காரணம் இதுதான். டிஸ்டார்ஷன், இரண்டு சுரங்களின் அதிர்வெண் வித்தியாசத்தையும் தனி ஒலியாகப் பிறப்பிக்கும். கிட்டாரின் கீழ் ஈ கம்பி 82.4 ஹெர்ட்ஸ், அதன் பஞ்சமம் 123.5. கழித்தால் 41, அதே ஈக்கு ஒரு ஸ்தாயி கீழே. அதனால்தான் பவர் கார்டு (ச-ப மட்டும் உள்ள கார்டு) அவ்வளவு கனம். ஏ 110, அதன் காந்தாரம் கிட்டாரில் 138.6. கழித்தால் 28.6, எந்த சுரத்திலும் ஒட்டாது. தம்பூராவில் கேட்கும் சுத்த காந்தாரமாக இருந்தால் 137.5, வித்தியாசம் 27.5, அது இரண்டு ஸ்தாயி கீழே உள்ள ஏயேதான். ஃப்ரெட் போட்ட கிட்டாரில் அது கிடைக்காது.

ஆறாம்கம்பியின் காலிக் குமிழுக்கும் விடை உண்டு. 5இ3இல் இரண்டு வால்யூமும் உள்ளே ஒரே இடத்தில் சேர்கின்றன. காலிச் சேனலை முழுக்கத் திறந்தால் அது உங்கள் சிக்னலில் ஒரு பங்கைத் தன் வழியாக இறக்கிவிடும். அடுத்த வால்வுக்குப் போவது குறைகிறது, உறுமலும் குறைகிறது.

ட்வின்தாசன்:
அப்போ க்ளீனில்தான் காந்தாரம் பிழைக்கும் என்கிறீர்கள். நான் முதலிலிருந்தே அதைத்தானே சொல்கிறேன்?

ஹாரோ வாசி:
இல்லை அண்ணை. மெல்ல அடிச்சால் ஏசி30லயும் பிழைக்கும்.

வாடகைக் கலைஞன்:
குறுக்கே வருகிறேன். சென்னையில் மேடைக்குப் போனால் எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப். வால்வே இல்லை, முழுக்க டிரான்சிஸ்டர், க்ளீனுக்குப் பேர்போனது. அதில் டிஸ்டார்ஷன் என்றே ஒரு குமிழும் இருக்கிறது. ஒரு கச்சேரியில் பெடல் பவர் சப்ளை படுத்துவிட்டது, வேறு வழியில்லாமல் அதைத் திருப்பினேன். கீபோர்டு அண்ணன் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே குனிந்து, "டேய், ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சுடா" என்றார்.

சால்டரிங் சாமி:
தம்பி, பவர் சப்ளை எந்த கம்பெனி? ஒன்பது வோல்ட் லைன் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.