குடும்பக் குழு: கவிதாவின் மாலை வகுப்பு

கவிதா: திங்கள் முதல் நம் தெருப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு எடுக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 200 மணி நேரம். வக்கீல் அத்தை, சட்டப்படி நான் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

சித்தப்பா: சம்பளமே இல்லாத வேலை. இதில் சட்டம் எங்கே வந்தது?

வக்கீல் அத்தை: சம்பளம் வாங்கினால்தான் சட்டம் என்று இல்லை, தம்பி. கவி, யார் யார் சேர்ந்திருக்கிறார்கள்?

கவிதா: பெரும்பாலும் நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்கள். செங்கல் சூளையில் வளர்ந்த 16 வயதுப் பெண் ஒருத்தியும் வருகிறாள்.

வக்கீல் அத்தை: அந்தப் பெண் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். திட்டத்தில் 15 வயதானாலே சேரலாம். ஆனால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி 18 நிறையாத எல்லாரும் குழந்தைகள். பாலியல் தொல்லை நடந்ததாகத் தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், பிரிவு 19. நடக்கப்போகிறது என்ற அச்சம் இருந்தாலும் அப்படித்தான். சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை.

பெரியம்மா: பெற்ற தாயே மானம் போய்விடும் என்று கெஞ்சினால்?

வக்கீல் அத்தை: அப்போதும் சொல்லத்தான் வேண்டும், அண்ணி. தாய்க்கு எவ்வளவு ஆறுதல் வேண்டுமானாலும் சொல்லலாம், விஷயத்தை அமுக்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்தால் உதவுவார்கள். நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மேல் வழக்கு வராது. பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் மட்டும் வெளியே வரக் கூடாது, இந்தக் குழுவில்கூட.

சித்தப்பா: கல்யாணம் ஆன பெண்ணாக இருந்தால், அக்கா?

வக்கீல் அத்தை: 18க்குக் கீழே என்றால் கணவனுக்கும் விலக்கு இல்லை. 2017இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கவிதா: சரி அத்தை. அப்புறம், சிலர் ஆதார் அட்டையைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

வக்கீல் அத்தை: பதிவு முடிந்ததும் போனிலிருந்து அழித்துவிடு. யாருக்கும் பார்வர்டு செய்யாதே. வகுப்புப் படம் ஸ்டேட்டஸில் போடுவதானாலும் கேட்டுவிட்டுப் போடு. கைநாட்டு வைப்பது ஊருக்குத் தெரிய எத்தனை பேர் விரும்புவார்கள்?

கவிதா: போலியோவால் கால் பாதித்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். வகுப்பு மாடியில். படி ஏற முடியாது, வரவில்லை என்கிறார்.

வக்கீல் அத்தை: அவரை விட்டுவிடாதே! 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பிரிவு 18 முதியோர் கல்விக்கென்றே இருக்கிறது. மற்றவர்களுக்குச் சமமாக அவரும் படிக்க வழி செய்வது அரசின் கடமை. கீழ்த்தள அறை கேட்டுத் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடு.

கவிதா: நாளை காலையிலேயே கொடுக்கிறேன்.

சித்தப்பா: அந்த அண்ணன் வீடு எது என்று சொல், கவி. சாயங்காலம் நான் வண்டியில் கூட்டி வருகிறேன்.